பைத்தான் கற்கத் தொடங்குபவர் எந்த நிரலாக்கச் சூழலைத் தேர்ந்தெடுப்பது?

கணக்கேடு:

அனைவருக்கும் வணக்கம். நான் வணிகவியல் படித்துவிட்டு ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குப் பதிவுப் பணியில் இருக்கிறேன். டேலியும் எக்செலும் நாள்தோறும் கையாள்பவைதான் என்றாலும் நிரலாக்கத்தை முறையாகப் படித்ததில்லை. மாதக் கடைசியில் வாடிக்கையாளரின் வங்கி அறிக்கையையும் எங்கள் பேரேட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, விடுபட்ட பதிவுகளைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பைத்தான் நிரல் ஒன்றால் செய்துவிட முடியும் என்று அறிந்து, அதைக் கற்கும் முடிவுக்கு வந்திருக்கிறேன். தமிழக அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைத் தமிழிலேயே விளக்குவதால், அதையே முதல் நூலாக வைத்துக்கொண்டுள்ளேன்.

ஐயம் மொழியைப் பற்றியதன்று. அதை எழுதிப் பார்க்கும் சூழலைப் பற்றியது. பாடநூல் ஐடிலைக் காட்டுகிறது. மென்பொருள் துறையில் இருக்கும் நண்பர், ஐடிலில் யாரும் வேலை செய்வதில்லை, தொடக்கத்திலேயே விஎஸ் கோடைப் பழகிவிடுங்கள் என்கிறார். நான் பார்க்கும் காணொளி வகுப்பில் பைசார்மைப் பயன்படுத்துகிறார்கள். தரவுப் பகுப்பாய்வு செய்யும் உறவினர் ஒருவர், எக்செல் அறிந்தவருக்கு ஜூபிட்டர்தான் எளிது என்று உறுதியாகச் சொல்கிறார். என்னுடையது விண்டோஸ் 10 உள்ள பழைய மடிக்கணினி. 4 ஜிபி நினைவகம், சுழலும் வன்தட்டு. புதிய கணினி வாங்கும் நிலையில் இப்போது இல்லை.

எந்தச் சூழலில் தொடங்கினால் என் கவனம் மொழியின் மீதே இருக்கும்? ஒன்றைப் பழகிவிட்டுப் பின்னால் வேறொன்றுக்கு மாறினால் பழகியதெல்லாம் வீணாகிவிடுமா? அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரும்பலகை:

வணக்கம். ஒரு பாலிடெக்னிக் கல்லூரியின் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களுக்கு என் பரிந்துரை தான்னி என்னும் சூழல். அது உங்களுக்கு ஒத்துவராவிட்டால் பாடநூல் காட்டும் ஐடிலிலேயே தொடருங்கள். மற்ற மூன்றும் நல்ல கருவிகள்தாம், ஆனால் இப்போது உங்களுக்கு உரியவை அல்ல என்று நான் கருதுவதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்க நிலையில் ஒருவர் பெரும்பாலான நேரத்தைப் பிழைச்செய்திகளோடுதான் கழிக்கிறார். அப்படி ஒரு செய்தி திரையில் தோன்றும்போது, அதைச் சொல்வது யார் என்பது அவருக்கு ஐயமின்றித் தெரிய வேண்டும். ஐடிலிலும் தான்னியிலும் பேசுவது பெரும்பாலும் பைத்தான் ஒன்றுதான். விஎஸ் கோடில் அப்படியில்லை. அது ஒரு பொது எடிட்டர் என்பதால் பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டும், பைத்தானுக்கான எக்ஸ்டென்ஷன் என்னும் துணைநிரலைச் சேர்க்க வேண்டும், நிரலைப் படித்து இயக்கும் இன்டர்ப்ரெட்டர்களில் கணினியில் உள்ளவற்றுள் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும், சரியான கோப்புறையைத் திறந்திருக்க வேண்டும். நிரலை ஓட்டினால் அது விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஓடும். இந்த அடுக்குகளில் ஒவ்வொன்றும் தன் குறையைத் தன் மொழியில் சொல்லக்கூடியது. பைத்தான் நிறுவப்படாமலோ விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான வழித்தடத்தில் (PATH) சேர்க்கப்படாமலோ இருந்தால் விண்டோஸ் 10 உங்களை மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு அனுப்பும். ஒரு திட்டத்துக்குரிய நூலகங்களை, அதாவது ஆயத்தமாக எழுதிவைத்த நிரல்தொகுப்புகளை, தனியே வைக்கும் மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதை இயக்க முற்பட்டால், ஸ்கிரிப்டுகளை இயக்க இந்தக் கணினியில் அனுமதியில்லை என்று பவர்ஷெல் மறுக்கலாம். ஒரு நூலகத்தின் பெயருக்குக் கீழே மஞ்சள் அலைக்கோடு வந்தால் அது எக்ஸ்டென்ஷனின் கணிப்பு. நிரல் சரியாக ஓடவும் கூடும். அனுபவமுள்ளவர் இவற்றை ஒரு பார்வையில் பிரித்துவிடுவார். முதல் வாரத்தில் இருப்பவருக்கு இவை எல்லாமே தாம் எழுதிய நிரலின் பிழையாகத் தோன்றும். எழுதிய நிரலில் ஒரு குறையும் இல்லாமலேயே அதைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பார்.

தான்னி எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. விண்டோஸுக்கான நிறுவியிலேயே பைத்தானும் சேர்ந்து வருவதால், வழித்தடம், இன்டர்ப்ரெட்டர் தேர்வு ஆகிய இரண்டு சிக்கல்களும் எழுவதே இல்லை. மேலே நிரலை எழுதும் எடிட்டர், கீழே தட்டிய கட்டளையை உடனே செயல்படுத்தும் ஷெல், விரும்பினால் பக்கத்தில் மாறிகளின், அதாவது மதிப்புகளுக்கு இட்ட பெயர்களின், பட்டியல் என்பதற்கு மேல் திரையில் எதுவும் இராது. 4 ஜிபி நினைவகத்தில் இயல்பாக ஓடும்.

ஆனால் எளிமைக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. நிரல் எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டுவதில் அதற்கு இணையானது எனக்குத் தெரிந்து வேறில்லை. கன்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்தி நிரலைத் தொடங்கி, எஃப்7 விசையை ஒவ்வொரு முறையாக அழுத்திச் செல்லுங்கள். மற்ற பிழைத்திருத்திகள் ஒரு படிக்கு ஒரு வரி என்று நகரும். தான்னி ஒரு வரிக்குள்ளேயே நுழைந்து, தொகை என்ற மாறி இருந்த இடத்தில் அதன் மதிப்பை வைத்து, பிறகு வரி விகிதத்தை வைத்து, பெருக்கி, விடையை அந்த இடத்திலேயே எழுதிக் காட்டும். ஒரு செயற்கூறை, அதாவது பெயரிட்டு வைத்த நிரல் துண்டை, அழைத்தால் அதற்கென்று தனிச் சிறு சாளரம் திறந்து, அதன் உள்மாறிகள் அங்கே தனியாகத் தெரியும். வேலை முடிந்து மதிப்பைத் திருப்பியதும் அந்தச் சாளரம் மூடிக்கொள்ளும். உள்மாறியும் வெளிமாறியும் ஒரே பெயரில் இருந்தாலும் வேறுவேறு என்பதைக் கரும்பலகையில் விளக்குவதைவிட இதைக் காட்டும்போது மாணவர்களுக்கு விரைவில் விளங்கிவிடுகிறது.

உங்கள் துறையிலிருந்தே இன்னோர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஏப்ரல் மாதச் செலவுகளை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். மே என்ற மாறிக்கு ஏப்ரலைச் சமமாக்கிவிட்டு, மே பட்டியலில் ஒரு செலவைச் சேர்க்கிறீர்கள். ஏப்ரலை அச்சிட்டுப் பார்த்தால் அதிலும் அந்தச் செலவு இருக்கும். எக்செலில் ஒரு தாளை நகலெடுத்துப் பழகியவர் இதை எதிர்பார்க்கவே மாட்டார். பைத்தானில் அந்தச் சமக்குறி பட்டியலை நகலெடுக்கவில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயரைச் சூட்டியது. தான்னியின் பார்வைப் பட்டியலில் மதிப்புகள் நினைவகத்தில் இருக்கும் இடங்களைக் காட்டும் ஹீப் என்பதைத் திறந்து வைத்தால், இரண்டு மாறிகளுக்கும் எதிரில் ஒரே முகவரி இருப்பதைக் கண்ணால் காணலாம். உலாவியில் ஓடும் பைத்தான் டியூட்டர் இதையே அம்புக்குறிகளால் வரைந்து காட்டுகிறது. நிறுவ வேண்டியதில்லை என்பதால் சிறு நிரல்களை அங்கேயும் ஓட்டிப் பாருங்கள்.

ஐடிலைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது ஓரளவு உண்மைதான், ஆனால் அது கற்பவருக்குக் குறையாகாது. பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ரோசமே தொடங்கிவைத்த சூழல் அது. 1990-களின் இறுதியிலிருந்து பைத்தானுடன் சேர்ந்தே வருகிறது. அதில் ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மூன்று கூர்முனைக் குறிகளோடு திறக்கும் சாளரம் ஷெல். அங்கே தட்டுவது உடனே செயல்படும், ஆனால் நிரலாகச் சேமிக்கப்படாது. நிரலைப் புதிய கோப்புச் சாளரத்தில் எழுதி, சேமித்து, எஃப்5 அழுத்தி ஓட்ட வேண்டும். ஷெல்லை ஒரு வரிச் சோதனைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் அங்கே கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். ரூபாய், பைசாக் கணக்கெழுதும் நீங்கள் டெசிமல் என்னும் நூலகத்தை ஏன் பயன்படுத்த வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கும்.

பைசார்ம் பெரிய திட்டங்களுக்கானது. உங்கள் கணினியில் அது கோப்புகளை அட்டவணைப்படுத்தி முடிக்கும் வரை காத்திருப்பதே பெரும்பாடாகிவிடும் என்பதால் அதைப் பற்றி மேலும் எழுதவில்லை.

நெய்தல்:

கரும்பலகை அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் முடிவில் உடன்படவில்லை. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியில் சேரும் புதியவர்களுக்குத் துணையாக இருந்துவருகிறேன். அவர்களில் பலருக்கு மொழி தெரிகிறது. கோப்புறை என்றால் என்ன, நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது, கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தால் நூலகம் எதற்குள் நிறுவப்பட்டது என்பவை தெரிவதில்லை. இவற்றைச் சூழல் மறைத்துவிட்டதால்தான் தெரியாமல் போயின. பல அடுக்குகள் இருப்பது குழப்பம் தரும் என்பது சரி. ஆனால் அந்த அடுக்குகள் உண்மையில் இருப்பவை, அவற்றை ஒருநாள் கற்றே ஆக வேண்டும்.

விஎஸ் கோடு 2015-இல் வெளிவந்தது, கட்டணமில்லாதது, இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது. நிறுவுவதில் ஒழுங்கைக் கடைப்பிடித்தால் மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை எழாது. முதலில் பைத்தானின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து பைத்தானை நிறுவுங்கள். நிறுவியின் முதல் திரையில் அடியில் இருக்கும், வழித்தடத்தில் சேர்க்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். பிறகு விஎஸ் கோடு, அதில் மைக்ரோசாஃப்ட் வெளியிடும் பைத்தான் எக்ஸ்டென்ஷன் ஒன்று மட்டும். கருப்பொருள், வண்ணச் சின்னங்கள், தானாக ஒழுங்குபடுத்தும் கருவிகள் என்று இணையத்தில் பட்டியலிட்டுத் தரும் வேறெதையும் சேர்க்க வேண்டாம். தனிக் கோப்பைத் திறக்காமல் எப்போதும் கோப்புறையைத் திறங்கள். பைத்தான் கோப்பைத் திறந்ததும் கீழ்ப்பட்டையில் எந்த இன்டர்ப்ரெட்டர் தேர்வாகியுள்ளது என்று தெரியும். அதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

எந்தச் சூழலானாலும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். விஎஸ் கோடில் இப்போது செயற்கை நுண்ணறிவு உதவி நிறுவிய உடனேயே முன்வந்து நிற்கிறது. நீங்கள் ஒரு வரியைத் தொடங்கியதும் மீதியை மங்கிய எழுத்தில் எழுதிக் காட்டும். டேப் விசையை அழுத்தினால் அது உங்கள் நிரலாகிவிடும். வேலையில் அது பயனுள்ளது. கற்கும் காலத்தில் அமைப்புகளுக்குச் சென்று அதை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். ஒரு சுழற்சியை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் கற்றல் நடக்கிறது; அந்த அரை நிமிடத்தை அது உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. மாறியின் பெயரை நிறைவுசெய்யும் சாதாரணப் பரிந்துரையால் தீங்கில்லை. அது வேறு, இது வேறு.

உங்கள் வன்தட்டைப் பொறுத்தவரை, விஎஸ் கோடு திறக்கச் சற்று நேரமாகும். அது குரோமியம் உலாவியின் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது என்பதால் நினைவகத்தையும் கூடுதலாக எடுக்கும். உலாவியில் பல பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு அதை ஓட்டாதீர்கள்.

கரும்பலகை:

நெய்தல் அவர்கள் செயற்கை நுண்ணறிவு உதவியைப் பற்றிச் சொன்னதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அதை முதல் மறுமொழியிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். கோப்புறையும் வழித்தடமும் கற்க வேண்டியவை என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. எங்கள் வேறுபாடு எதை முதலில் கற்பது என்பதில்தான். நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு, பட்டியல், அகராதி ஆகிய ஐந்தும் கைவந்தவர் பவர்ஷெல் மறுத்தாலும் கலங்க மாட்டார், ஏனென்றால் தம் நிரல் சரியானது என்ற உறுதி அவரிடம் இருக்கும். அந்த உறுதி வருவதற்கு முன்பே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது, நீந்தப் பழகுபவரை ஆற்றுச் சுழலில் இறக்கிவிடுவதைப் போன்றது.

கணக்கேடு அவர்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. மாறுவதால் எதுவும் வீணாகாது. பைத்தான் நிரல் வெறும் எழுத்துக் கோப்பு. தான்னியில் எழுதியதை நாளை விஎஸ் கோடில் அப்படியே திறக்கலாம். நிரல் ஒரு கோப்பில் அடங்காமல் மூன்று, நான்கு கோப்புகளாகப் பிரியும்போதும், ஒரு செயற்கூறு எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று தேட வேண்டி வரும்போதும், பழைய பதிப்புகளைக் கிட் (Git) என்னும் மென்பொருள் கொண்டு பாதுகாக்கத் தொடங்கும்போதும் தான்னி போதாது என்று நீங்களே உணர்வீர்கள். அப்போது மாறுங்கள். அதற்கு முன்பே டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பினால், தான்னியின் கருவிகள் பட்டியலிலேயே அதைத் திறக்கும் வழி இருக்கிறது.

எந்தச் சூழலாலும் தடுக்க முடியாத ஒரு சிக்கலையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். வங்கி அறிக்கையைப் படிக்கும் நிரலுக்கு, காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பைக் குறிக்கும் சிஎஸ்வி (csv) என்றே ஆங்கிலத்தில் பெயரிட்டுச் சேமித்துவிடாதீர்கள். பைத்தானில் அதே பெயரில் ஒரு நூலகம் உண்டு. அதை நிரலுக்குள் அழைக்கும்போது பைத்தான் முதலில் நிரல் இருக்கும் கோப்புறையில் தேடி, உங்கள் கோப்பையே நூலகம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த நூலகத்தில் ரீடர் என்று ஒன்றும் இல்லை என்ற செய்தி வரும். பைத்தான் 3.13 முதல் கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கும்படி செய்தியிலேயே குறிப்பு வருகிறது. பழைய பதிப்புகளில் அந்த உதவி கிடையாது.

அட்டவணை:

ஜூபிட்டரைப் பரிந்துரைத்த உறவினரின் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்ல வேண்டியவன் நான், ஏனென்றால் என் அன்றாட வேலை அதில்தான். இருந்தாலும் முதல் சூழலாக அதை நான் சொல்ல மாட்டேன்.

ஜூபிட்டரில் நிரலைச் சிறு கட்டங்களாக எழுதி ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓட்டுகிறோம். விடை அந்தக் கட்டத்தின் அடியிலேயே தெரிகிறது. அட்டவணையை அட்டவணையாகவே காட்டுவதால் எக்செல் அறிந்தவருக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் கட்டங்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம் என்பதே அதன் ஆபத்து. தொடக்க இருப்பை ஒரு கட்டத்தில் வைத்து, அடுத்த கட்டத்தில் அதனோடு வரவைக் கூட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டத்தைத் தெரியாமல் இருமுறை ஓட்டினால் வரவு இருமுறை கூடிவிடும். திரையில் இருக்கும் நிரலைப் படித்தால் அது முற்றிலும் சரியாகவே தோன்றும். ஒரு கட்டத்தை நீக்கிவிட்டாலும் அது உருவாக்கிய மாறி நினைவகத்தில் அப்படியே இருக்கும். கணக்குச் சரிபார்க்கும் வேலைக்கு இதைவிடத் தொல்லையான பிழை வேறில்லை. ஐடிலிலும் தான்னியிலும் எஃப்5 அழுத்தும் ஒவ்வொரு முறையும் பழைய மாறிகள் அனைத்தும் அழிந்து நிரல் முதல் வரியிலிருந்து ஓடுகிறது. எழுதியிருப்பதும் நடப்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. தொடக்கத்தில் அந்த ஒழுங்கு உங்களுக்கு வேண்டும். பின்னாளில் ஜூபிட்டருக்கு வரும்போது, முடிவை யாரிடமும் கொடுப்பதற்கு முன் கட்டங்களை இயக்கும் கெர்னலை மறுதொடக்கம் செய்து எல்லாக் கட்டங்களையும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

கணினி பழையது என்பதால் யாராவது கூகுள் கொலாபைச் சொல்லக்கூடும். நிறுவ வேண்டியதில்லை, உலாவி போதும், பயிற்சிக்கு மிக நல்லது. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களின் வங்கி அறிக்கைகளை அதில் ஏற்றாதீர்கள். கொலாபில் நிரல் உங்கள் கணினியில் ஓடுவதில்லை; கோப்பு வேறோர் இடத்திலுள்ள கணினிக்குச் செல்கிறது. தணிக்கையாளர் அலுவலகத்தை நம்பி ஒருவர் கொடுத்த ஆவணத்தை அவர் அனுமதியின்றி அப்படி அனுப்புவது முறையாகாது. பயிற்சிக்குக் கற்பனைத் தொகைகளைக் கொண்டு நீங்களே ஒரு சிறு பேரேட்டை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கேடு:

விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. தான்னியை நிறுவினேன், எந்தத் தடையும் இல்லாமல் ஓடுகிறது. ஏப்ரல், மே எடுத்துக்காட்டைச் செய்து பார்த்து ஒரே முகவரி இருப்பதையும் கண்டேன். அட்டவணை அவர்களின் எச்சரிக்கையை மனத்தில் வைத்துக் கற்பனைப் பேரேடு ஒன்றை எக்செலில் உருவாக்கி, சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வடிவத்தில் சேமித்தேன். எங்கள் பேரேட்டுத் தலைப்புகள் தமிழில் இருப்பதால் அதிலும் வாடகை, சம்பளம் என்று தமிழிலேயே எழுதினேன். நிரல் அதைப் படிக்கும்போது, 0எக்ஸ்8டி (0x8D) என்ற பைட்டை வாசிக்க இயலவில்லை என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. சம்பளம் இருந்த வரிகளை நீக்கிவிட்டு வாடகையை மட்டும் வைத்தால் பிழை வரவில்லை; ஆனால் வாடகைக்குப் பதிலாக விளங்காத குறிகள் அச்சாகின்றன. அதே கோப்பைத் தான்னியின் எடிட்டரில் திறந்தால் தமிழ் சரியாகத் தெரிகிறது. இது சூழலின் குறையா? விஎஸ் கோடுக்கு மாறினால் தீருமா?

உயிர்மெய்:

மாறினாலும் தீராது, ஏனென்றால் இது சூழலிலிருந்து வருவதன்று. தமிழ் உரைகளைப் பைத்தானில் கையாள்வது என் வேலையின் பகுதி என்பதால் இந்த 0எக்ஸ்8டி எனக்கு நன்கு பழக்கமானது.

எடிட்டர் ஒரு கோப்பைத் திறப்பதும் உங்கள் நிரல் அதே கோப்பைத் திறப்பதும் இரண்டு தனிச் செயல்கள். எடிட்டர் அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு சரியாகக் காட்டியது. உங்கள் நிரலோ ஓப்பன் என்னும் செயற்கூறுக்கு எந்தக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் எந்த முறை, என்று சொல்லவில்லை. சொல்லாதபோது பைத்தான் இயங்குதளத்தின் குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. ஆங்கில விண்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற எண்ணுள்ள மேலைநாட்டு எழுத்து அட்டவணை. விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையிலும் யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கும். அதுவும் அந்த எடிட்டரைப் பற்றிய செய்திதான், உங்கள் நிரலுக்கு அது பொருந்தாது.

ஒரு சொல்லுக்குப் பிழையும் மற்றொன்றுக்குக் குப்பையும் வருவதற்குத் தெளிவான காரணம் உண்டு. யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. புள்ளியின் மூன்றாவது பைட்டுதான் 0எக்ஸ்8டி. 1252 அட்டவணையில் அந்த இடம் காலியாக இருப்பதால், புள்ளி வைத்த எழுத்து வந்ததும் பைத்தான் நின்றுவிடுகிறது. சம்பளம் என்பதில் இரண்டு மெய்கள் இருக்கின்றன. வாடகையில் புள்ளியே இல்லை. அதிலுள்ள பைட்டுகள் எல்லாவற்றுக்கும் அந்த அட்டவணையில் ஏதோ ஒரு குறி இருப்பதால் எதிர்ப்பில்லாமல் தவறாகவே படிக்கப்படுகிறது. பிழை வந்து நிற்பதைவிட இந்த இரண்டாவது நிலைதான் கவலைக்குரியது, ஏனென்றால் தொகைகள் சரியாக இருக்கும்போது தலைப்புகள் மட்டும் ஒப்பீட்டில் பொருந்தாமல் போகும். ஷெல்லில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். வாடகை சரியாகப் படிக்கப்பட்டிருந்தால் 5 என்று வரும். தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் 15 என்று வரும்.

தீர்வு ஒரு சொற்றொடர்தான். ஓப்பன் செயற்கூறில் என்கோடிங் (encoding) என்ற அளபுருவுக்கு யூடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்ற மதிப்பைக் கொடுங்கள். வெறும் யூடிஎஃப்-8 என்று கொடுத்தாலும் தமிழ் சரியாக வரும். ஆனால் எக்செல் அந்த வடிவத்தில் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியைச் சேர்க்கிறது, அது முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தேதி என்ற நெடுவரிசை இல்லை என்று பைத்தான் சொல்லும், நீங்கள் திரையில் பார்த்தால் தேதி இருக்கும். சிக் என்று முடியும் வடிவம் அந்தக் குறியை நீக்கிவிட்டுப் படிக்கிறது. பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 இயல்பான குறியாக்கம் ஆகும்படி முடிவு செய்திருக்கிறார்கள் என்றாலும், எழுதிவிடும் பழக்கமே பாதுகாப்பானது.

தமிழை அச்சிட்டுப் பார்ப்பதற்கும் தான்னியின் ஷெல்லையே பயன்படுத்துங்கள். விண்டோஸ் 10-இன் பழைய கட்டளைச் சாளரத்தில் நிரலை ஓட்டினால் தமிழ் எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகத் தெரியக்கூடும். அது அந்தச் சாளரத்தின் எழுத்துருவைப் பொறுத்ததே தவிர உங்கள் தரவு கெட்டுவிட்டது என்று பொருளாகாது. ஐயம் வந்தால் மேலே சொன்னபடி நீளத்தைக் கேளுங்கள்.

ஒப்பிட்ட முடிவை எக்செலில் திறப்பதற்காகக் கோப்பாக எழுதும்போதும் யூடிஎஃப்-8-சிக் என்றே கொடுங்கள், ஏனென்றால் அந்த அடையாளக் குறி இல்லாத கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் எக்செல் தமிழைச் சிதைத்துக் காட்டும். அதே இடத்தில் நியூலைன் என்ற அளபுருவுக்கு வெற்றுச் சரத்தையும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் ஒவ்வொரு வரிக்கும் இடையே ஒரு வெற்று வரி வந்து சேரும்.